வண்டு சாமி காத்த சாமை

பார்த்திபன் சோம்பேறி கெடையாது. அத மொதல்லயே சொல்லிடணும். ஜீப்பு ஓட்டுவான், மரமேறி பலா எறக்குவான், கறி எடுத்தாந்தா அவனே கழுவுவான். கையில போன் இல்லாத நேரத்துல தங்கமான மனுசன். அந்த நேரந்தான் இப்ப கெடைக்கிறதில்ல.

போன்ல ஒரு கேம். எகிப்து தேசத்துல அந்தக் காலத்துல கும்புட்ட சாமிங்க எல்லாம் அதுல அடிச்சிக்குதுங்க. இவன் எடுத்துக்கினது கெப்ரின்னு ஒரு சாமி. ஒடம்பு மனுசன், மூஞ்சி இருக்குற எடத்துல வண்டு. பொண்டாட்டி ஷோபனா எட்டிப் பாத்தா.

"இன்னாயா இது, சாணி உருட்டுற வண்டு மாதிரி கீது?"

"சாமிடி. தெனம் காலையில சூரியன உருட்டிக்கினு வந்து மேல வுடுறதே இவருதான்."

"நம்ம மாடு மூணும் போடுறத தெனம் நான் அள்ளுறேனே, எனக்கு எவன்யா கோயில் கட்டினான்?"

அவன் போன்ல சண்டையில இருந்தான்.

புதூர்நாட்டுல அப்பதான் சாமை அறுப்பு முடிஞ்சிருந்துது. வூட்டுக்குப் பின்னால பாறையில கொட்டிக் காய வெச்சிருந்தாங்க. வருசத்துக்கும் சோறு அதான். போன வருசம் வெதைக்குக்கூட தேறல. ஷோபனா மாட்ட ஓட்டியாரக் கெளம்பினா.

"வானம் கருக்குது. தூறல் வுழுந்தா குமிச்சி படுதாவப் போட்டு மூடு. தெரிதா?"

"நான் பாத்துக்கறேன், நீ போ."

இவன் எப்ப இவ்ளோ நல்லவனானான்னு யோசிச்சிக்கினே போனா. பாறை மேலதான் டவர் கெடைக்கும்னு அவளுக்குத் தோணல.

திரும்பி வர்றப்ப பாதி வழியில மழை புடிச்சிக்கிச்சி. மாட்ட அப்டியே வுட்டுட்டு ஓடியாந்தா. படுதா மூடித்தான் இருந்துது. அப்பாடான்னு மூச்சு வுடுறா, படுதாவுக்குள்ள வெளிச்சம். தூக்கிப் பாத்தா பார்த்திபன் குந்திக்கினு இருக்கான். போன் நனையக்கூடாதுல்ல! சாமை பாறையில இருந்து சேறாட்டம் வழிஞ்சி ஓடுது.

"ஷோபனா, ஜெயிச்சிட்டேன்! சூரியன் மேல வந்துடுச்சி!"

"வந்துடுச்சா? அப்ப என் தலையில ஊத்துறது இன்னாயா?"

பக்கத்து வூட்டு மாணிக்கம்மாள் மொறத்தோட ஓடியாந்துச்சி. அள்ளிக்கினே சொல்லிச்சி, "இவங்கிட்ட வுட்டதுக்கு மாடுங்ககிட்டயே வுட்டிருக்கலாம்டி. தின்னுட்டு பாலாச்சும் குடுத்திருக்கும்."

பாதிதான் தேறிச்சி. அதுலயும் மண்ணு, பொடிக்கல்லு. சலிச்சாலும் போகல. மழை வுட்டதும் ஷோபனா அத மொறத்துல கொட்டி புருசன் மடியில வெச்சா.

"பொறுக்கு."

இன்னும் பொறுக்கிக்கினுதான் இருக்கான். கட்டைவெரலு ரெண்டும் என்னா வேகம்! இத்தன நாளு கேம் ஆடினதுல அந்த வூட்டுக்குக் கெடைச்சது அது ஒண்ணுதான்.