எஸ். மீனாட்சியைப் பார்க்கப் போன ஞாயிறு: திண்டுக்கல், பசுமலை, சமயநல்லூர்

அரையாண்டு விடுமுறையில் போன பயணம் இது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அம்மா பத்தாம் வகுப்பு முடித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மதுரையில், பசுமலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வகுப்பில் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, நான்கு மாதம் பேசிப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அப்பாவுக்கு அன்று வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு சந்திப்புக்குக் கிளம்பினால் உதவுமே என்று நேரம், கட்டணம் எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் காலை 6.40க்கு மதுரை ஆரப்பாளையம் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு 55 ரூபாய். இடப்பக்கம் உட்கார்ந்தால் சிறுமலை வெகுதூரம் கூடவே வரும். வெயிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும், யோசித்து உட்காருங்கள்.

கொடைரோடு தாண்டியதும் அம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். அவர் வகுப்பில் மூன்று மீனாட்சிகள். மதுரையில் இது அதிசயமில்லை. ஆசிரியை வருகைப்பதிவு எடுக்கும்போது கூப்பிடுவதுபோலவே தோழிகளும் எஸ். மீனாட்சி, பி. மீனாட்சி, வி. மீனாட்சி என்று இனிஷியலோடுதான் கூப்பிடுவார்களாம். இவர்களில் எஸ். மீனாட்சிதான் அம்மாவுக்கு உயிர்த்தோழி. சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாம் வகுப்பில் அவர் தன் அப்பாவுக்குத் தெரியாமல் கோ-கோ அணியில் சேர்ந்தார். ஒரு மதியம் அவருடைய அப்பா ஏதோ வேலையாக மதுரைக்கு வந்தவர் பள்ளிக்கும் வந்துவிட்டார். வகுப்புத் தலைவியான அம்மா வாசலில் நின்றிருந்தார். "எங்கம்மா எம் மக?" என்று கேட்டதும் மைதானத்தைக் கை காட்டினார். அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்த மகளை அந்த அப்பா அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எஸ். மீனாட்சி அதன்பின் பள்ளிக்கு வரவே இல்லை. பொதுத்தேர்வும் எழுதவில்லை.

"நீ உண்மையத்தானம்மா சொன்ன?" என்றேன்.

"டவுசரோட ஓடுறதப் பாத்தா அவங்கப்பா படிப்ப நிப்பாட்டிருவாருன்னு எனக்குத் தெரியும்டி. லைப்ரரில இருக்கான்னு சொல்லிட்டு ஓடிப்போயி அவளக் கூட்டியாந்திருக்கலாம். தெரிஞ்சேதான் கை காட்டுனேன்."

"ஏம்மா?"

"டீமுல சேந்ததுல இருந்து என்கூட உக்காந்து சாப்பிட மாட்டேன்னுட்டா. அதுக்குத்தான்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவே தொடர்ந்தார். குழுவில் 'எஸ். மீனாட்சி' என்ற பெயரைப் பார்த்த அன்றே தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: "அன்னைக்கு நான் செஞ்சதுக்கு என்னைய மன்னிச்சிருடி." ஐந்து நிமிடத்தில் பதில்: "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்டி லீடரு. நேர்ல வா." அந்த வாரம் முழுக்க அம்மா எங்களை ஒரு தடவைகூடத் திட்டாதது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "மறந்துட்டேன்னு சொல்லிட்டா. இருந்தாலும் முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லணும். அதுக்குத்தான் போறேன்" என்றார்.

8.15க்கு ஆரப்பாளையம். அங்கேயே இட்லி, வடை, இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய். பிறகு பெரியார் நிலையம் போய், திருநகர் போகும் நகரப் பேருந்துக்கு மாறினோம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறும்முன் பலகையைப் பாருங்கள். பசுமலையில் இறங்கியபோது 9.30.

அரங்கத்தின் வாசலிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. "ஏய், லீடரு செல்வி வந்துட்டாடி! பேசுறவங்க பேர எழுதிருவா, எல்லாரும் வாய மூடுங்க!" என்று ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது. "என்னடி இம்புட்டு ஒல்லியாயிட்ட? திண்டுக்கல்லுல சோறு போட மாட்டாகளா?" என்று இன்னொருவர் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அம்மாவை யாரும் இப்படி 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே உள்ளே போனார்.

மேடைக்கு இடப்பக்கம் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. 'நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்' என்று எழுதி, மாலை போட்ட ஐந்து படங்கள். இரண்டு ஆசிரியைகள், மூன்று மாணவிகள். மாணவிகளின் படங்களை வகுப்புக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். எல்லா முகமும் கலங்கிப்போயிருந்தது. நடுப் படத்தின் கீழே 'எஸ். மீனாட்சி' என்று இருந்தது.

அம்மா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "யாருடி இத அடிச்சது? உசுரோட இருக்கவளுக்கு மாலையப் போட்டு வச்சிருக்கீக! நேத்துகூட எனக்குக் காலை வணக்கம் போட்டாளே!"

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற, பச்சைப் பட்டுச்சேலை கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். குழுவைத் தொடங்கியவர், அதன் அட்மின், எல்லாம் அவர்தான். "செல்வி, காலை வணக்கம் போடுறது நாந்தான்டி. பி. மீனாட்சி. கல்யாணத்துக்கு அப்புறம் எஸ். ஆயிட்டேன், எங்க வீட்டுக்காரர் பேரு சுந்தரம்ல? இந்தப் படத்துல இருக்கது நம்ம பழைய எஸ். மீனாட்சி. அவ போயிப் பத்து வருசம் ஆச்சு. எங்களுக்கே போன மாசந்தான் தெரியும், நேர்ல சொல்லிக்குவம்னு குரூப்புல போடல."

திருமணமானால் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருவது அம்மாவுக்குத் தெரியாததா? ஆர். செல்வியாகப் படித்தவர் இன்று கே. செல்வி. பி. மீனாட்சி இன்னும் குழுவுக்குக் கிடைக்கவில்லை என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் மட்டும் மாறியதுபோலவும், தோழிகள் எல்லோரும் அந்தப் பழைய வருகைப்பதிவேட்டிலேயே நின்றுவிட்டதுபோலவும்.

"அப்ப, மறந்துட்டேன்னு போட்டியே?" என்றார் அம்மா.

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குறன்னு எனக்கு எங்கடி தெரியும்? எம்பேர எம்புட்டுத் தடவ போர்டுல எழுதி அடி வாங்கிக் குடுத்திருப்ப! அதுக்குத்தான்னு நெனச்சேன்." அவர் சிரித்துவிட்டு, படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பாவம்டி இவ. ஸ்கூல நிப்பாட்டுன புதுசுல ஒரு தடவ வீட்டுக்குப் போனேன். கதவையே தொறக்கல. உள்ள இருந்துக்கிட்டே போடின்னுட்டா. எம்மேல என்ன கோவமோ."

பிறகு பேச்சுகள், பாட்டு, 12.45க்குச் சாப்பாடு: வெஜிடபிள் பிரியாணி, தயிர்சாதம், கேசரி. நான் சாப்பிட்டேன். அம்மா தட்டை வாங்கி வைத்துக்கொண்டு அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். குழுப்படம் எடுத்தவர் "பின்வரிசை மேடம், கொஞ்சம் சிரிங்க" என்று மூன்று தடவை சொன்னது அம்மாவிடம்தான். படம் எடுத்து முடிந்ததும், எஸ். மீனாட்சியின் அண்ணன் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார் என்று பி. மீனாட்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 2.10க்குக் கிளம்பிவிட்டோம்.

பெரியார் நிலையம் வந்து, சமயநல்லூர் நகரப் பேருந்தில் 3.35க்குப் போய் இறங்கினோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஆட்டோவுக்கு 80 ரூபாய்.

"யாரு வீட்டுக்கும்மா?" என்றார் ஓட்டுநர்.

"சின்னச்சாமி வீட்டுக்குண்ணே. அவரு மகன் முருகேசன்..."

"பெரியவரு போயி எம்புட்டோ வருசமாச்சு. முருகேசண்ணே வீட்டுலதான் இருப்பாரு. என்ன, எதுவும் விசேசமா?"

"இல்லண்ணே. சும்மா பாக்கத்தான்."

"அப்பச் சரி, நிக்கிறேன். இங்க திரும்ப வண்டி கிடைக்காது."

இரண்டு பக்கமும் நெல் கதிர் பிடித்து நின்றது. அம்மா அதைப் பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

முருகேசன் மாமாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "லீடர் செல்வியா? உள்ள வாம்மா! ஏய், யாரு வந்திருக்கான்னு பாரு!" அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "எந்தங்கச்சி உன் பேரச் சொல்லாம இருக்க மாட்டா. எங்க செல்வி இந்நேரம் டீச்சராயிருப்பாம்பா. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பக்கூடச் சொன்னா."

அம்மா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிறார். அதை அவர் சொல்லவில்லை.

"அந்த பி. மீனாட்சிதான் கெடுத்துப்புட்டா" என்றார் மாமா. "அவ டீமுல எக்ஸ்ட்ரா ஆளு. இவ எடம் கெடைக்கணும்னு எங்கப்பாகிட்டக் காட்டிக்குடுத்துட்டா. கடைசி வரைக்கும் எந்தங்கச்சிக்கு அந்த ஆத்தாமை போகல."

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பேசாமல் இரும்மா, குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் பார்த்துத்தான் அப்படி நினைத்தேன்.

"அண்ணே, அது அவ இல்ல. காட்டிக்குடுத்தது நான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அவர் மனைவி வந்து, பாதி குடித்திருந்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமா மறுபடியும் மோட்டாருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "திண்டுக்கல் வண்டி அஞ்சேகாலுக்கு ஒண்ணு வரும். இப்பக் கெளம்புனா பிடிச்சிரலாம்."

சமயநல்லூரில் பேருந்து 5.25க்கு வந்தது. உட்கார இடம் இருந்தது. அம்மா வழியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பி. மீனாட்சிகிட்டச் சொல்லணும். அவ என்ன பாவம் செஞ்சா?"

மறுநாள் போன் செய்து சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கமிருந்து, "அதுக்குத்தான் கதவத் தொறக்கலையா?" என்ற குரல் கேட்டது. அதோடு இணைப்பு துண்டானது.

இனி, போகிறவர்களுக்கு. திண்டுக்கல்லில் இருந்து ஒரே நாளில் போய்வரலாம். பெரியார் நிலையத்தில் சமயநல்லூர் பேருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் நிற்க நேர்ந்தது. தண்ணீர் எடுத்துப் போங்கள். குழுவில் சேரும் பெண்களைப் பள்ளிக்கால இனிஷியலோடு பெயர் போடச் சொல்லுங்கள். செய்தி அனுப்புவதற்குமுன் ஒரு தடவையாவது குரலைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்பதென்றால் எதற்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதையெல்லாம் செய்தாலும் போக வேண்டிய காலத்தில் போகாவிட்டால் என்ன பயன் என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நான் படித்த புத்தகங்களில் இருக்கிறது. அம்மாவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா போனை என்னிடம் நீட்டி, குழுவில் எதுவும் எழுத முடியவில்லை, என்னவென்று பார் என்றார். பி. மீனாட்சியின் எண்ணுக்கு வைத்திருந்த பெயரை அம்மா இன்னும் மாற்றியிருக்கவில்லை. அதனால் திரையின் கடைசி வரி இப்படி இருந்தது: எஸ். மீனாட்சி உங்களை நீக்கிவிட்டார்.