ஏழாம் எண் டோக்கன்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். விசாரணைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், அவர்களும் நம்பவில்லை. ஆனால் அன்று மின்நிலையத்தில் இருந்தவன் நான். பார்த்த கண் என்னுடையது. சுவிட்சைத் தள்ளிய கையும் என்னுடையதுதான்.

அப்போது எங்கள் தீவில் மாலை ஆறிலிருந்து பத்து மணி வரைதான் கரண்ட். தீவுக்கென்று சின்னதாக ஒரு மின்சாரக் கம்பெனி. இரண்டு டீசல் என்ஜின், ஒரு ஜீப், பதினொரு பேர். நான் சுவிட்ச் போர்டு ஆபரேட்டர். என் அண்ணன் லைன்மேன்.

கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு விதி உண்டு. கம்பம் ஏறப்போகும் லைன்மேன், அந்த லைனின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, அதன் கைப்பிடியில் தன் பித்தளை டோக்கனைத் தானே மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேலை முடிந்து வந்து தானே எடுக்க வேண்டும். அது தொங்கும்வரை யார் தலைகீழாக நின்றாலும் அந்த லைனில் கரண்ட் போகாது. அண்ணனுடைய எண் ஏழு. மாட்டும்போதெல்லாம் ஒன்று சொல்வான்.

“தூங்குமூஞ்சி, என் உசுரத் தொங்கவிட்டுட்டுப் போறேன். குறட்டை விட்டு ஆட்டிடாத.”

அன்று மழை. ஏழு மணிக்குக் கிழக்கு லைனில் கம்பி அறுந்தது. ஏழு பத்துக்கு அண்ணன் டோக்கனை மாட்டினான். வழக்கமான கிண்டலைச் சொல்லிவிட்டு ஜீப் ஓட்டுநரோடு கிளம்பினான்.

ஏழே முக்காலுக்கு, அதே கிழக்கு லைனில் இருந்த மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தார். சிக்கலான பிரசவம், டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறோம், கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். டோக்கன் தொங்குகிறது, எதுவும் செய்ய முடியாது என்றேன். எட்டு மணிக்கு மறுபடி போன். இந்த முறை பின்னால் ஒரு பெண் அலறுவது கேட்டது.

போனை வைத்துவிட்டு வாய்விட்டே சொன்னேன். “அண்ணே, சீக்கிரம் வந்து தொலையேன்.”

கூப்பிட்டது நான்தான்.

மணி எட்டு ஒன்பது. என்ஜின் இரைச்சல் திடீரென்று தணிந்தது. மீட்டர் ஊசிகள் சரியாகத்தான் நின்றன. சத்தம் மட்டும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போல...

திரும்பினேன். அண்ணன் கதவுக்கு உள்ளே நின்றிருந்தான்.

ஜீப் வந்த சத்தம் கேட்கவில்லை. தொப்பியை முகம் மறைய இறக்கிவிட்டிருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“முடிஞ்சுதா?”

தலையை மட்டும் ஆட்டினான்.

தூங்குமூஞ்சி என்று சொல்லவில்லை.

நேராகப் போர்டுக்குப் போனான். டோக்கனை எடுத்தான். பித்தளை இரும்பில் உரசினால் ‘கிளிங்’ என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை...

போன் அடித்தது. எடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தேன். அப்போதுதான் கண் கீழே போனது. அவன் நடந்து வந்த சிமெண்ட் தரை...

காய்ந்திருந்தது.

ஒரு சொட்டு இல்லை.

கண் பார்த்தது. அதற்குள் கை தள்ளிவிட்டது.

எட்டு பன்னிரண்டு.

ஊசி ஒருமுறை துள்ளி நின்றது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

எட்டு நாற்பதுக்கு ஜீப் வந்தது. ஓட்டுநர் மட்டும் இறங்கினார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவன் மேல இருக்கும்போதே ஏன்டா போட்ட?”

ஏறிய அண்ணன் கம்பத்தை விட்டு இறங்கவே இல்லை. கம்பியை இணைத்துக் கடைசி முடுக்கு முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வெளிச்சத்தில்தான் மருத்துவமனையில் குழந்தை பிறந்தது.

நர்சின் அவசரத்துக்காக நானே டோக்கனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதை கட்டுகிறேன் என்று விசாரணையில் எழுதினார்கள். எவ்வளவு தேடியும் டோக்கன் கிடைக்கவில்லை. புதிதாக ஓர் ஏழு செய்தார்கள். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அண்ணி மட்டும் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கூடப் பொறந்தவர உங்களுக்கு அடையாளம் தெரியலையா தம்பி?”

இருபத்தாறு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கம்பெனி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. ஓய்வு பெற்றவர்களில் ஏதோ எழுதத் தெரிந்தவன் என்று பழைய லாக் புத்தகங்களை என்னிடம் கொடுத்தார்கள். முதலாம் வருஷத்துப் புத்தகம், நான் பிறப்பதற்கு முந்தியது. கரையான் அரித்த ஒரு பக்கத்தில், யாரென்றே தெரியாத ஓர் ஆபரேட்டரின் கையெழுத்து.

‘இரவு 8.09. ஏழாம் எண் லைன்மேன் தாமே வந்து டோக்கனை எடுத்தார். 8.12. கிழக்கு லைனுக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது.’

அதற்குக் கீழே வேறு மை. கையெழுத்து அதேதான்.

‘அவர் கம்பத்தின் மேல்தான் இருந்திருக்கிறார். டோக்கன் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. சட்டை நனைந்திருந்தது. தரை நனையவில்லை.’