கூடாரத்தைத் தாங்கிய கொடிக்குச்சிகள்

நுஹாத்துக்கு எந்தப் பொருளும் சும்மா கிடக்கக் கூடாது. உடைந்த சாடியில் புதினா வளர்ப்பாள். பழைய கதவைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாக்குவாள். கடற்கரை ஊரில் பிறந்து பெக்கா சமவெளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். திராட்சைத் தோட்டத்துக்குக் கீழே தரிசாகக் கிடந்த துண்டு நிலம், அவள் வந்த நாளிலிருந்து கண்ணை உறுத்தியது. ஒயின் ஆலைக்காரர்கள் பழம் வாங்குவதைக் குறைத்த வருஷம், அங்கே கல் பொறுக்கி, குழாய் இழுத்து, ஒரு குளியலறையும் கட்டி, பெய்ரூத்துக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் இடமாக்கிவிட்டாள். மெத்தையை விட்டுவிட்டு எவனாவது மண்ணில் படுக்க வருவானா என்று அன்று கேட்ட கணவன் ஷுக்ரிதான், இன்று வருகிறவர்களை ஏரிப்பக்கம் நடக்கக் கூட்டிப்போகிறார்.

ஷுக்ரியின் அப்பா வைத்த வெள்ளைத் திராட்சைக்கொடி, இந்தக் குளிர்காலத்தில் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. போவதற்கு முன் அதிலிருந்து ஒரு கட்டுக் குச்சி வெட்டி, வேறு இடத்தில் நடுவதற்காக ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அந்தக் கொடியில் மிஞ்சியது அவ்வளவுதான். கட்டு நிலவறையில் இருப்பதாக நுஹாத் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ விறகுக் கொட்டகை நிழலில் வைத்திருந்தார்.

ஈஸ்டர் கூட்டம் வரும் அவசரத்தில் அவள் கண்ணில் சாக்கு பட்டது. உதறி எடுத்துக் குளியலறை வாசலுக்குக் கால்மிதியாகப் போட்டாள். உள்ளே இருந்த குச்சிகளை விறகோடு தள்ளினாள். அன்று குடும்பத்தோடு வந்திறங்கிய வஜ்தி என்ற மருந்துக்கடைக்காரர் விறகு கேட்டபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி அடுக்களையிலிருந்தே சொன்னாள்.

பண்டிகைக்கு மறுநாள் காலை, மழையில் மண் நன்றாக இளகியிருந்தது. ஷுக்ரி கடப்பாரையோடு வந்து சாக்குக்கட்டு எங்கே என்று கேட்டார். நுஹாத்துக்குக் கால்மிதியாகப் போட்ட சாக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான் எடுத்தேன். விறகுன்னு நினைச்சு அவங்களுக்குக் கொடுத்துட்டேன்."

ஷுக்ரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

செருப்பைக்கூட மாட்டாமல் சரிவில் இறங்கினாள். கூடாரங்களுக்கு நடுவே ஒரு வண்டிச் சாம்பல் கிடந்தது. வஜ்தி ஹூக்காவுக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தார். மெல்லிசாக, முழ நீளத்தில் ஒரு கட்டுக் குச்சி, அதையும் எரித்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

"அதையா?" என்றார் வஜ்தி. "எங்க எரிஞ்சுது, நசீப் அம்மா? ஒண்ணு ரெண்டு வெச்சுப் பார்த்தோம். புகைஞ்சு கண்ணெரிஞ்சதுதான் மிச்சம்."

"மீதி எங்க?"

வஜ்தி கூச்சத்தோடு கூடாரத்தைப் பார்த்தார். இறைச்சி, அடுப்பு, ஹூக்கா எல்லாம் ஞாபகமாக ஏற்றியவர்கள் முளைக்குச்சிப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டார்களாம்.

"இவருக்கு ஹூக்கா இருந்தா வீடே வேணாம், முளைக்குச்சி எதுக்கு?" என்றாள் அவர் மனைவி.

நுஹாத் குனிந்தாள். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஈரமண்ணில் ஒரு கொடிக்குச்சி நின்றது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை காயவில்லை. மேட்டைப் பார்த்து ஷுக்ரியைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுக்கே அழுகிற மாதிரி கேட்டது.

அவர் வந்து மண்டியிட்டு ஒரு குச்சியைப் பிடுங்கினார். நகத்தால் கீறிப் பச்சை பார்த்தார். கணுவில் இருந்த மொட்டுகளைத் தடவினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் தலைகீழா நட்டிருக்கியேப்பா."

"கூரான பக்கம்தானே மண்ணுக்குள்ள போகும், பெரியவரே?" என்றார் வஜ்தி.

"கூரா வெட்டினது மேல்பக்கத்துக்கு அடையாளம். நல்லவேளை, ஈரத்துலயாவது வெச்சே."

நுஹாத் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வஜ்தியும் அவர் மனைவியும் கயிறு கயிறாக அவிழ்க்க, ஷுக்ரி ஒவ்வொரு குச்சியாக உருவிச் சட்டையில் துடைத்துக் கைக்குள் அடுக்கினார். கூடாரம் மெல்லச் சாய்ந்து, உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருந்த வஜ்தியின் மச்சான்மேல் போய்ப் படுத்தது. துணிக்கு அடியிலிருந்து அவன் கத்தக் கத்த, ஷுக்ரி அடுத்த குச்சியை உருவினார்.