சிறுகுறிஞ்சானும் ஜெயந்தியின் சேமியா பாயசமும்

இன்று காலை ஒரு நல்ல பாயசத்தைக் குறை சொல்லிவிட்டேன்!

பிழை என் நாக்கில். ஆனால் பேசியது நான்.

எங்கள் புதுவாயல் தெருவில் பகலில் ஆள் நடமாட்டம் கிடையாது. கம்பெனி பஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். என் கணவர் காலமான பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

கடைசியாகக் காலிங் பெல் அடித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. (அதுவும் எதிர் வீட்டைத் தேடி வந்த கூரியர்!)

அதனால் செடிகளோடு பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவற்றைத் திருத்துகிறேன். தூதுவளைக்குக் கொம்பு நட்டிருக்கிறேன். ஆடாதொடை சுவரைத் தாண்டினால் கத்தரிக்கோல்தான். கற்பூரவல்லி மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

போன மாதம் நர்சரியில் சிறுகுறிஞ்சான் கொடி ஒன்று வாங்கினேன். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இலை.

விற்றவர் அப்போதே எச்சரித்தார்: "இத்த மென்னுட்டு ஒடனே டீ குடிக்காதம்மா. எவ்ளோ சக்கர போட்டாலும் மண்ணு மாரி இருக்கும்."

வியாபாரப் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை.

இன்று முதல் முறையாக இரண்டு இலை பறித்து மென்றேன். கசந்தது. வாய் கொப்பளித்தேன். (டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்தவும் கூடாது!)

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பெல்!

எதிர் வீட்டு ஜெயந்தி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இன்று வார லீவு. கையில் டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா! என்னை பர்மனென்ட் பண்ட்டாங்க! ஏழு வருசமா கான்ட்ராக்ட்லயே வச்சி பேஜாரு பண்ணிக்கினு இருந்தாங்கல்ல? நீங்க எழுதிக் குடுத்த இங்கிலீஷ் லெட்டர்தான்! சேமியா பாயசம். ஊட்ல இன்னும் யாரும் துன்னல. மொதல்ல உங்களுக்குத்தான்."

(நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. தெரு வைத்த பெயர். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.)

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். நெய் வாசனை இருந்தது, முந்திரி இருந்தது. இனிப்பு மட்டும் துளியும் இல்லை.

வாழ்த்துச் சொல்ல வேண்டிய வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஜெயந்தி, சர்க்கரை போட மறந்துட்டியே! எதையும் கவனமா செய்யணும்மா."

அவள் சிரிப்பு நின்றது.

"போட்டேனே..."

"போட்டிருந்தா எனக்குத் தெரியாதா?"

"செரிங்க" என்றாள். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டப்பாவைக் கழுவ எடுத்தேன். எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை. இன்னொரு ஸ்பூன் வாயில் போட்டேன்.

தித்திப்பு! அளவான, அருமையான தித்திப்பு!

நர்சரிக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

ஸ்பூனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் இருந்தபோதும் எனக்கு இதே வாய்தான். அவர் போடும் காபி, மடிக்கும் சட்டை, பேசும் ஆங்கிலம் எல்லாவற்றையும் திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இப்போது நல்ல செய்தியோடு என் பெல்லை அடிக்க இந்தத் தெருவில் ஒருத்தி இருந்தாள். அவளையும் அனுப்பிவிட்டேன்.

நான் படித்த கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: மன்னிப்பு என்றால் அன்றே கேட்க வேண்டும். நேரில், நின்றுகொண்டு.

மனம் துணிய மாலை நான்கு மணி ஆகிவிட்டது. ஒன்பது வருடமாக எதிர் வீடு, ஒரு நாளும் உள்ளே போனதில்லை. கழுவிய டப்பாவும் கொஞ்சம் இலையுமாகப் போனேன்.

கதவைத் திறந்தது அவள் கணவர் குமார்.

"வாங்க டீச்சரம்மா! இன்னா, முந்திரியும் கொறையுதா?"

உள்ளேயிருந்து ஜெயந்தியின் குரல்: "யோவ், நீ கம்முனு இரு!"

நின்றுகொண்டே சொன்னேன்: "ஜெயந்தி, குறை உன் பாயசத்துல இல்ல, என் நாக்குல. மன்னிச்சுக்கோ. அதைவிடப் பெரிய தப்பு, உன்னை வாழ்த்தாம அனுப்பினது. ரொம்ப சந்தோஷம்மா."

இலையின் கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"எல துன்னா சக்கர தெரியாதா? சும்மா ரீல் உடாதீங்க!"

"மென்னு பாரு. நானும் மெல்றேன்."

இருவரும் மென்றோம். அவள் ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டாள். கண் விரிந்தது.

"ஐயையோ! மண்ணு மாரியே கீதுய்யா! டீச்சரம்மா மேல தப்பே இல்ல!"

சிரித்தாள். காலையில் நின்ற அதே சிரிப்பு!

"பாயசம் இன்னும் கீது. குந்துங்க. நாக்கு திரும்பட்டும், ரெண்டு பேரும் ஒண்ணா துன்னலாம்."

உட்கார்ந்தேன். அவள் சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டினாள். கடம்பத்தூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு என்னையும் இரண்டு வார்த்தை பேச வைத்தாள். பேச்சுக்கு நடுவே சர்க்கரையை நக்கிப் பார்த்தாள்.

"எனக்கு வந்துட்ச்சு! உங்களுக்கு?"

எனக்கும் வந்துவிட்டிருந்தது. கொஞ்சம் முன்பே.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"வயசானவங்களுக்கு லேட்டாதான் வரும் போல. இன்னா அவசரம்? குந்துங்க. யோவ், டீச்சரம்மா பக்கம் ஃபேனத் திருப்பு."

நான் வீடு திரும்பியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. (பாயசம் அரை டம்ளர். டாக்டரிடம் ஒரு ஸ்பூன் என்றுதான் சொல்லப்போகிறேன்.)

மூலிகை தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி: சிறுகுறிஞ்சானின் வீரியம் நாக்கில் இரண்டரை மணி நேரம் நிற்கும் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?