குறை சொன்னதற்குக் கூலி

ராசிபுரம் பக்கம் எனக்கு ஒரு சிறு கோழிப்பண்ணை இருக்கிறது. கோழிகள் வெயில் தாங்க, குழாயில் நுண்துளைகள் போட்டுப் பனிபோல நீர் தெளிக்கும் அமைப்பு ஒன்றை யோசித்தேன். வரைபடத்தை இணையத்தில் போட்டு, அதில் குறை கண்டு சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தேன். அதிக லைக் வாங்கும் கருத்துக்கே பணம்.

பரிசு வாங்கியவர், "அருமை! குழாயின் நிறத்தை மட்டும் மாற்றலாம்" என்று எழுதியிருந்தார். ஜேடர்பாளையத்தில் பண்ணை வேலை செய்யும் செல்வி, "உப்புத் தண்ணிக்கு ஓட்டை அடைச்சுக்குமுங்க" என்று எழுதியதற்கு ஒரு லைக்கும் விழவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை.

அமைப்பை மாட்டிய பத்தாம் நாள் மதியம் உப்புப் படிந்து துளைகள் அடைத்துக்கொண்டன. அறுபது கோழிகள் செத்துப்போயின. அவற்றைப் புதைத்த கையோடு செல்வியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பணம் அனுப்புவதாகச் சொன்னேன்.

"அனுப்புங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் யோசிச்சுத்தானுங்க எழுதுனேன். ஆனா லைக்குக்குக் காசு குடுத்தா, கேக்கப் புடிச்சதைத்தான எல்லாரும் சொல்லுவாங்க?"

பணத்தை அன்றே அனுப்பினேன்.

விதியை மாற்றினேன். காரணத்தோடு குறை சொல்லும் எல்லோருக்கும் சிறு தொகை. சோதித்துப் பார்த்து அது உண்மையானால் முழுப் பரிசு. நேற்றுப் புது வரைபடம் போட்டேன். "இது தேறாது" என்று தொடங்கி ஒருவர் மூன்று பத்தி எழுதியிருக்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.