சின்னவள் கட்டிக் கொடுத்த சாப்பாடு

தையல் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் பதினோரு வருஷம் நின்றவள் பெரியவள். நாற்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டினாலும் ஓரம் பிசிறாது. கொழுந்தன் மனைவியை, வீட்டில் எல்லோரும் ‘சின்னவள்’ என்று கூப்பிடுகிறவளை, அதே கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவள்தான். மூன்றே வருஷத்தில் சின்னவள் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. முதலில் பொறாமையில் எரிந்தது. சில மாதங்களில் நிஜமாகவே எரிய ஆரம்பித்தது.

மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் ஆகாது, வயிறு உப்பிக்கொள்ளும். குடலைப் பிடித்து முறுக்குவதுபோல் வலி. குமட்டல். அப்புறம் கழிப்பறைக்கு ஓட்டம். அங்கே போவதற்கு சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். அதாவது, சின்னவளிடம்.

“என்னக்கா, மறுபடியுமா?”

அக்கறையாகத்தான் கேட்பாள். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டில் காலைச் சமையல் சின்னவள் பொறுப்பு. எங்கேயோ படித்துவிட்டு, சத்து சத்து என்று சோயா உருண்டைக் குழம்பும் சோயா மாவு கலந்த ரொட்டியுமாகச் செய்து தள்ளினாள். “இவ கை பட்டா பச்சத் தண்ணிகூட ருசிக்கும்” என்றார் மாமியார். அதே அடுப்பில் பதினைந்து வருஷம் வெந்த பெரியவளுக்கு ஒரு நாளும் அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

“உங்க தம்பி பொண்டாட்டி என் டப்பாவுல என்னத்தையோ கலக்குறா” என்றாள் கணவனிடம்.

“ஒரே சட்டியிலேர்ந்துதானே எல்லாரும் சாப்பிடுறோம்? உனக்கு மட்டும் எப்படிக் கலப்பா?”

“அதான் எனக்கும் புரியல. கெட்டிக்காரி!”

மறுநாளிலிருந்து அவள் தனக்கென்று வெறும் சோறும் கீரையும் சமைத்து எடுத்துப்போனாள். பத்து நாள் வயிறு சத்தமே போடவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு.

பதினோராம் நாள் கம்பெனியில் டீயோடு எல்லோருக்கும் சத்து பிஸ்கட் கொடுத்தார்கள். நாலு தின்றாள். கொஞ்ச நேரத்தில் உதடு அரித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையடியில் உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனது சின்னவள்தான். பிஸ்கட் உறையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா உறையின் பொடி எழுத்தைப் படித்தார். “இதுல சோயா மாவு இருக்கு. வீட்லயும் சேப்பீங்களா?”

“தினமும்” என்றாள் சின்னவள்.

“நடுவுல பத்து நாள் ஒண்ணுமில்லன்னீங்களே, அப்ப என்ன சாப்பிட்டீங்க?”

“இவ சமைச்சத சாப்பிடல” என்று பெரியவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். சின்னவள் முகம் சுண்டிப்போனது.

இரத்தப் பரிசோதனை, சோயாவே தொடாமல் இரண்டு வாரம் என்று பார்த்தபின் சோயா ஒவ்வாமை என்று உறுதியானது. பெரியவர்களானபிறகும் வரலாமாம். சோயா சாஸ், கேக் என்று எதிலும் ஒளிந்திருக்குமாம்.

ஆனால் முதல் நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே சின்னவள் கேட்டுவிட்டாள். “நான் மருந்து வச்சேன்னு நினைச்சீங்களாக்கா?”

“ஆமா.”

“ஏன்?”

“நீ மேல போயிட்ட. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். எனக்குப் பொறுக்கல.”

நாலு நாள் சின்னவள் தனியாகவே கம்பெனிக்குப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் சோயா டப்பாக்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். “தனக்குப் பிடிச்சதையே விட்டுட்டா பாரு, இந்தக் குணம் யாருக்கு வரும்!” என்றார் மாமியார். வலியெல்லாம் போயிருந்த வயிற்றில், பெரியவளுக்கு மறுபடி சுருக்கென்றது.

அடுத்த வாரம் அவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். “என்னை ஏன் சூப்பர்வைசர் ஆக்கல?”

“நீங்க கேக்கவே இல்லையேம்மா. அவங்க ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாங்க.”

அன்று சாயங்காலமே சமையலறையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். சின்னவள் எட்டிப் பார்த்து, “அனுபவத்துக்கு மூணு சுழி ‘ண’ வராதுக்கா, ரெண்டு சுழிதான்” என்றாள்.

அவள் சொன்னது சரிதான் என்பதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. திருத்தி எழுதினாள்.