குலம் அண்ணை குடிக்காத கூழ்

குலம் அண்ணை போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை. ஹார்ட். ராணி அக்கா போனில் சொன்னபோது நான் வேலைக்குப் போக ஜாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன்… போட்டபடியே கதிரையில் இருந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெர்மனியில், ஹம் நகரத்து பிஸ்கட் ஃபாக்டரியில் பாக்கிங் லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். ராணி அக்கா அவருடைய மனைவி. ஆனால் இங்குள்ள தமிழ் ஆட்களிடம் ஃபாக்டரி குலம் என்றால் யாருக்கும் விளங்காது. கூழ் குலம் என்று சொல்ல வேண்டும்.

கோடையில் ஒரு ஞாயிறு, ஆற்றங்கரையில் இறைச்சி சுடுகிற இடம், கிரில் பிளாட்ஸ். சுற்றிவர எல்லோரும் வூர்ஸ்ட், அவர்களுடைய சாசேஜ், சுட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் நாங்கள், அண்ணை தலைமையில், பெரிய கிடாரத்தை காஸ் அடுப்பில் ஏற்றி, காயவைத்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவோம்.

நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை… ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாமான் வரும். குடிக்கிற கோப்பையும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பேப்பர் கப்போடு வந்த ஒருவரை அண்ணை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அவரும் போய் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

ஒரு வருடம் முதல் கோப்பை குடித்த கையோடு அண்ணைக்கு முகம் வீங்கிவிட்டது. மூச்சு இழுக்கிறது. ஆம்புலன்ஸ்.

நண்டும் இறாலும் அலர்ஜியாம். கடல் சாப்பாட்டிலேயே வளர்ந்த மனுசனுக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு வந்த அலர்ஜி! இனி வாயில் வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதோடு கூழ் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த கோடை, கிடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். முழங்கை வரை ரப்பர் கையுறை. பின்னால் ராணி அக்கா ஏசிக்கொண்டே வந்தார். நண்டு உடைத்தது நாங்கள். புளி கரைத்து, மா விட்டு, துழாவியது அவர். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, ஆவி படாத பக்கமாக நின்று…

“அப்ப உப்பு ஆர் பாக்கிறது அண்ணை?”

“நீ பார் தங்கச்சி. ஆனா வாயாலை ஒண்டும் சொல்லாதை. என்னெண்டாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவாய். நான் உன்ரை புருவத்தைப் பாக்கிறன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் முதல் வாய் எனக்கு. நான் குடிக்க, அவர் என் முகத்தையே பார்ப்பார். கொஞ்சம் உப்பு போடுவார். இன்னொரு வாய் தருவார். “ம்… சரி. எல்லாரும் கோப்பையைக் கொண்டு வாங்கோ.”

ஒரு முறையாவது உப்புப் பிழைத்திருக்க வேண்டுமே. இல்லை.

ஒருமுறை எங்கள் ஷிஃப்ட் லீடர், ஜெர்மன்காரர், பியர் மக்கோடு வந்தார். நண்டுக்காலை அவர் சப்பிய சப்பில் எங்கள் ஆட்களே தோற்றுப்போனார்கள். நீ ஏன் குடிக்கவில்லை என்று அண்ணையைக் கேட்டார். அலர்ஜி என்று சொல்ல அண்ணைக்கு ரோசம்.

“காச்சிறவன் குடிக்கிறதில்லை. அது எங்கடை வழக்கம்” என்று ஜெர்மனில் அடித்துவிட்டார்.

அந்த மனுசன் அதை அப்படியே நம்பி, தன் வீட்டு கிரில் பார்ட்டிக்கு எங்களைக் கூப்பிட்டபோது, எல்லோருக்கும் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றும் சாப்பிடாமல் நின்றார். அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

தான் ஒரு மிடறு குடிக்க முடியாத கூழை, ஒரு ஊருக்கே காய்ச்சி ஊற்றிய மனுசன். எனக்கு அவரை நினைக்கப் பெருமை. அவர் கூழுக்கு உப்புப் பார்த்த வாய் என்னுடையது என்பதிலும் பெருமை.

நாளைக்கு எட்டாம் நாள். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். இன்று காலை ராணி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“கூழ் இல்லாமல் அவருக்கு என்னத்தைப் படைக்கிறது? நீதான் வந்து காச்ச வேணும்.”

“ஓம் அக்கா. நண்டு போடாமல் காச்சட்டோ?”



“நண்டு போடு. இறாலும் போடு. இனி அவருக்கு ஒண்டும் செய்யாது.”

படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. நாளைக்கு நானும் வாயில் வைக்காமல்தான் உப்புப் போட வேண்டும். எனக்குப் பார்க்க யாருடைய புருவமும் இல்லை… பயமாகத்தான் இருக்கிறது.

முதல் கோப்பை உங்களுக்குத்தான் அண்ணை. ஆறுதலாகக் குடியுங்கோ.

இந்தமுறை நீங்கள் உப்புப் பாருங்கோ.